விநோத ரயில் வண்டிகளை மாடலாக்குவது: தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

ரயில் மாடல் செய்பவர்களில் பலர் வழக்கமான எஞ்சின்களையும் பெட்டிகளையும் சேர்த்து முடித்ததும், பின்னால் விசிறி மாட்டிய வண்டி, ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடிய எஞ்சின், நெருப்பே இல்லாத நீராவி எஞ்சின் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட வேடிக்கைக்காகக் கட்டப்பட்டதில்லை. செங்குத்தான மலை, கோணல்மாணலான பாதை, தீப்பொறி பட்டால் வெடிக்கும் தொழிற்சாலை என்று ஏதோ ஓர் இடைஞ்சலுக்கு யாரோ ஒரு பொறியாளர் கண்டுபிடித்த வழிதான் ஒவ்வொன்றும். ஆகவே மாடல் செய்ய உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, இந்த வண்டி எந்த இடைஞ்சலைத் தீர்த்தது என்பது. அடுத்த கேள்வி, அதைத் தீர்த்த உறுப்பு மாடலிலும் வேலை செய்ய வேண்டுமா, பார்வைக்கு இருந்தால் போதுமா என்பது. இந்த இரண்டையும் யோசிக்காமல் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிய மாடல்கள் பெரும்பாலும் கண்ணாடி அலமாரியை விட்டு வெளியே வருவதில்லை.

முதலில் விகிதமும் பாதை அகலமும்

இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம். உலகில் அதிகம் புழங்கும் மாடல் விகிதம் 1:87. அதாவது அசலில் 87 மி.மீ. இருப்பது மாடலில் 1 மி.மீ. உலகின் பொது அகலமான 1435 மி.மீ. பாதை இந்த விகிதத்தில் 16.5 மி.மீ. ஆகிறது. கடையில் கிடைக்கும் சாதாரண மாடல் தண்டவாளத்தின் அகலம் இதுதான். பிரிட்டன்காரர்கள் 1:76 விகித வண்டிகளையும் இதே 16.5 மி.மீ. பாதையில்தான் ஓட்டுகிறார்கள். கணக்குப்படி அவர்களுக்கு 18.8 மி.மீ. வேண்டும், ஆனால் பழகிவிட்டது. 1:160 விகிதத்துக்கு 9 மி.மீ. பாதை. தோட்டத்தில் ஓட்டும் 1:22.5 வண்டிகளுக்கு 45 மி.மீ.

இந்திய அகலப் பாதை 1676 மி.மீ. அது 1:87இல் 19.3 மி.மீ. ஆகும். இந்த அகலத்துக்குத் தயார் தண்டவாளம் கடையில் எளிதில் கிடைக்காது. உடலை 1:87இல் செய்து 16.5 மி.மீ. பாதையில் வைத்தால், முன்னாலிருந்து பார்க்கும்போது காலை ஒடுக்கி நிற்பதுபோல் தெரியும். பாதையை வைத்து உடலைச் சுருக்கினால் விகிதம் கிட்டத்தட்ட 1:102க்குப் போய்விடும். அப்போது கட்டடம், மனிதர், கார் எதுவும் அதோடு சேராது. முதல் வழியே மேல், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் குறை தெரிவதில்லை.

விநோத வண்டிகளில் பாதிக்கு மேல் குறுகிய பாதையைச் சேர்ந்தவை. அங்கே கணக்கு நமக்குச் சாதகமாக விழுகிறது. மீட்டர் பாதை 1:87இல் 11.5 மி.மீ., அதற்கு 12 மி.மீ. தண்டவாளம் கிடைக்கிறது. 762 மி.மீ. பாதை 8.8 ஆகிறது, அதற்கு 1:160க்கான 9 மி.மீ. பாதையும் அதன் எஞ்சின் அடிப்பாகங்களும் அப்படியே உதவும். 610 மி.மீ. என்றால் 7.0, கிட்டத்தில் இருப்பது 6.5 மி.மீ. பாதை. ஒரு எச்சரிக்கை: 1:160 பாதையின் ஸ்லீப்பர் கட்டைகள் 1:87 வண்டிக்குச் சின்னதாக, நெருக்கமாகத் தெரியும். ஒன்று விட்டு ஒன்றாக வெட்டி எடுத்தோ, ஜல்லியைக் கட்டைகளின் மேல் மட்டம் வரை நிரப்பியோ இதை மறைக்கலாம்.

வளைவு: விசிறி வண்டி சொல்லித்தரும் பாடம்

ஜெர்மனியில் பிரான்ஸ் க்ருக்கன்பெர்க் 1929இல் வடிவமைத்து, 1930இல் கட்டி முடித்தது ஷீனன்செப்பெலின். முன்பக்கம் வழவழவென்று வான்கப்பல் சாயல், பின்னால் மரத்தாலான விசிறி, உள்ளே பிஎம்டபிள்யூ விமான எஞ்சின். 1931 ஜூன் 21 அன்று ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் இடையே மணிக்கு 230.2 கி.மீ. வேகத்தைத் தொட்டது. கூட்டமான நிலையத்தில் திறந்த விசிறி சுழல்வது ஆபத்து, பின்னால் பெட்டி கோக்கவும் இடமில்லை. ஒரே ஒரு வண்டிதான் கட்டப்பட்டது, 1939இல் அதையும் உடைத்துவிட்டார்கள்.

மாடல்காரருக்கு இதில் விசிறி பெரிய தொல்லை இல்லை. அச்சுகள்தான். 25.85 மீட்டர் நீள வண்டிக்கு வெறும் இரண்டு அச்சுகள், இடையே 19.6 மீட்டர். 1:87இல் வண்டி 297 மி.மீ., அச்சுகளின் இடைவெளி 225 மி.மீ. தொடக்கப் பெட்டிகளில் வரும் இறுக்கமான வளைவின் ஆரம் 360 மி.மீ. வண்டியின் நடுப்பகுதி வளைவின் உட்பக்கம் எவ்வளவு சாயும் என்று கண்டுபிடிக்க, அச்சு இடைவெளியை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 225ஐ 225ஆல் பெருக்கினால் 50,625. அதை 2,880ஆல் வகுத்தால் 17.6 மி.மீ. தண்டவாளத்தின் முழு அகலத்தை விட அதிகம்! இரு முனைகளும் வெளிப்பக்கம் சுமார் 13 மி.மீ. நீளும். (முழு நீளத்தின் வர்க்கத்திலிருந்து அச்சு இடைவெளியின் வர்க்கத்தைக் கழித்து, அதே 2,880ஆல் வகுத்தால் இது வரும்.) 600 மி.மீ. ஆரத்துக்குப் போனால் உட்சாய்வு 10.5 ஆகக் குறைகிறது. பாதையோரம் சிக்னல் கம்பமோ நடைமேடையோ வைக்கும் முன் இந்த இரண்டு எண்களும் கையில் இருக்க வேண்டும்.

கணக்கு பிடிக்காதவர்கள் ஓர் அட்டையை வண்டியின் மேல்தோற்ற அளவில் வெட்டி, அச்சுகள் வரும் இடங்களில் இரண்டு குண்டூசி குத்தி, ஊசிகள் தண்டவாளங்களின் நடுக்கோட்டில் நகரும்படி வளைவில் தள்ளிப் பார்த்தால் போதும். அட்டை எங்கே இடிக்கிறதோ அங்கே வண்டியும் இடிக்கும்.

இன்னொரு சிக்கல் அச்சின் கோணம். 360 மி.மீ. வளைவில் உடலோடு இறுக்கி மாட்டிய அச்சு இருக்க வேண்டிய திசையிலிருந்து 18 பாகை விலகி நிற்கும். சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். சரி, அச்சைச் சுழலவிடலாம் என்றால், தனியாகச் சுழலும் ஒற்றை அச்சு தன் இஷ்டத்துக்குத் திரும்பி நேர்பாதையிலேயே கோணலாகிவிடும். முன்னச்சு இடப்பக்கம் திரும்பும்போது பின்னச்சு அதே அளவு வலப்பக்கம் திரும்பும்படி இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பியால் இணைப்பது நம்பகமான வழி. மெல்லிய ஸ்பிரிங் வைத்து ஒவ்வோர் அச்சையும் நடுவுக்கு இழுப்பது எளிய வழி. ஸ்பிரிங் கடினமாக இருந்தால் பழைய தொல்லையே திரும்பி வரும்.

விசிறி மாடலைத் தள்ள வேண்டிய அவசியமில்லை. தள்ளும் அளவுக்கு வேகமாகச் சுற்றினால் விரலுக்குக் கேடு. சக்கரத்துக்கு ஒரு மோட்டார், விசிறிக்குத் தனியாக ஒரு சிறு மோட்டார் என்று பிரித்துவிடுவது நல்லது. செல்போனில் அதிர்வுக்கு வரும் வகை 3 வோல்ட் மோட்டார் சுமார் 80 மில்லியாம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பாதையில் மீதி 9 வோல்ட்டை விழுங்க 112 ஓம் தேவை, கடையில் 120 ஓம் கிடைக்கும். அதில் முக்கால் வாட் வரை சூடாகும் என்பதால் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும், 1 வாட் வாங்க வேண்டும். அதோடு தொடராக ஒரு டையோடு போட்டால், சாதாரண மின்திசை மாற்றும் கட்டுப்பாட்டில் வண்டி பின்னால் நகரும்போது விசிறி நின்றுவிடும். பின்னோக்கி நகரும் வண்டியில் விசிறி சுழன்றுகொண்டிருந்தால் பார்க்கச் சகிக்காது.

வளைவுச் சிக்கல் உச்சத்துக்குப் போவது ஷ்னாபல் வேகனில். பெரிய டிரான்ஸ்பார்மர்களைக் கொண்டுபோகும் இந்த வேகனுக்கு நடுத்தளமே கிடையாது. வேகனின் இரண்டு பாதிகளும் அலகு போன்ற கைகளை நீட்ட, சுமையை அவற்றின் இடையே மாட்டுவார்கள். அந்தச் சுமையே வேகனின் நடுப்பாகமாகிவிடும். சுமையை இறக்கியதும் இரு பாதிகளும் நேராகக் கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அமெரிக்காவில் ஓடும் ஒன்றுக்கு 36 அச்சுகள். அத்தனை அச்சுகளுக்கும் எடையைப் பகிர, போகிகளின் (சில அச்சுகளைச் சேர்த்துத் தாங்கிச் சுழலும் அடிச்சட்டங்களின்) மேல் ஒரு சட்டம், அந்தச் சட்டங்களின் மேல் இன்னொரு சட்டம் என்று அடுக்கியிருப்பார்கள். சுமையோடு இருக்கும்போது இரு கைகளின் சுழல்முனைகளுக்கு இடையே 40 மீட்டர் என்று வைத்தால் 1:87இல் 460 மி.மீ. 360 மி.மீ. வளைவில் உட்சாய்வு 73 மி.மீ. வரும், பக்கத்துப் பாதையில் நிற்கும் ரயிலைத் தட்டிவிடும். அசலிலும் இதே தொல்லை இருந்ததால்தான் சுமையை ஹைட்ராலிக்கால் பக்கவாட்டில் நகர்த்தும் வசதி வைத்தார்கள். மாடலில் அதைச் செய்வது கடினம். சுமை இல்லாத, பாதிகள் கோத்த நிலையில் ஓட்டுவதும், சுமை ஏற்றியதை நேர்பாதையில் நிறுத்திக் காட்டுவதும்தான் நடைமுறை. அடுக்குச் சட்டங்களின் ஒவ்வொரு சுழல்முனையிலும் திருகை முழுக்க இறுக்கிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. தாள் தடிமன் அளவு ஆட்டம் இருந்தால்தான் மேடுபள்ளத்தில் எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தில் உட்காரும்.

பக்கவாட்டில் இயந்திரம்: ஷே

அமெரிக்க மரம்வெட்டும் காடுகளில் தண்டவாளத்தை அவசரத்துக்குப் போட்டார்கள். மேடு, பள்ளம், கூரான வளைவு. சாதாரண எஞ்சின் அதில் தடம்புரளும். மிச்சிகனைச் சேர்ந்த எஃப்ரயீம் ஷே கண்ட வழிக்கு 1881இல் காப்புரிமை கிடைத்தது. சிலிண்டர்களை வலப்பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, அங்கிருந்து ஒரு நீண்ட தண்டைப் பக்கவாட்டில் ஓட்டி, கூம்புப் பல்சக்கரங்கள் வழியாக எல்லா அச்சையும் இயக்கினார். வலப்பக்கம் எடை கூடியதால் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைத்தார்கள். நேர்முன்னால் நின்று பார்த்தால் கொதிகலன் நடுவில் இருக்காது. படம் வரைபவர்கள் அடிக்கடி தவறவிடுவது இதைத்தான், மாடல் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே. ஒஹாயோவின் லைமா தொழிற்சாலை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஷே எஞ்சின்களைக் கட்டியது.

மாடலில் அந்தப் பக்கத் தண்டு கட்டாயம் சுழல வேண்டும். அது சுழலவில்லை என்றால் ஷே வாங்கியதற்கே பொருளில்லை. ஆனால் இழுவைக்கான விசையை அதன் வழியே அனுப்ப வேண்டும் என்பதில்லை. பல மாடல்களில் உள்ளே மறைந்த தண்டு சக்கரத்தை இயக்கும், வெளித்தண்டு வெறுமனே கூடச் சுழலும். எந்த வகையாக இருந்தாலும் வளைவில் தண்டு நீள வேண்டும், குறுக வேண்டும். இடப்பக்க வளைவில் தண்டு வெளிப்பக்கம் வருகிறது, நீள்கிறது. வலப்பக்க வளைவில் குறுகுகிறது. போகி மையங்கள் 75 மி.மீ. தள்ளியும், தண்டு நடுக்கோட்டிலிருந்து 13 மி.மீ. தள்ளியும் இருந்தால், 450 மி.மீ. வளைவில் ஒவ்வொரு போகியும் சுமார் 4.8 பாகை திரும்பும். ஒவ்வொரு வழுக்கு இணைப்பும் (தண்டின் முனை ஓர் உறைக்குள் நுழைந்து நகரும் இடம்) ஒரு பக்கம் 1.1 மி.மீ., மறுபக்கம் 1.1 மி.மீ. நகரும். ஆக 3 மி.மீ. ஓட்டம் வைத்தால் நிம்மதி. உறை குட்டையாக இருந்தால் இடவளைவில் தண்டு கழன்று விழும். ஓட்டம் போதாமல் தண்டின் முனை உறையின் அடியில் முட்டினால் வலவளைவில் போகியையே தள்ளித் தடம்புரட்டும். ஒரு பக்க வளைவில் மட்டும் தடம்புரளும் ஷேயைக் கண்டால் சக்கரத்தைச் சந்தேகிக்கும் முன் இந்த இணைப்பைப் பார்க்க வேண்டும்.

பழைய மாடல் வாங்குவோருக்கு ஒன்று. உலோக அச்சின் மேல் அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக் பல்சக்கரம் காலப்போக்கில் பிளந்துகொள்ளும். விரிசல் விழுந்த இடத்தில் இரு பற்களின் இடைவெளி கூடிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டக் என்று தடுக்கினால் காரணம் இதுதான். ஒட்டுப்போட்டுப் பயனில்லை, பல்சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

ஒலி டிகோடர் (எஞ்சினுக்குள் வைத்துச் சத்தம் எழுப்பும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு) போடுபவர்கள் இதையும் கவனிக்கலாம். சாதாரண இரு சிலிண்டர் எஞ்சின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை புகைவிடும். மூன்று சிலிண்டர் ஷேயில் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் தண்டு சுமார் இரண்டு சுற்று சுற்றிவிடும், சுற்றுக்கு ஆறு வீதம் பன்னிரண்டு முறை கேட்க வேண்டும். நடை வேகத்தில் போகும்போதே தலைதெறிக்க ஓடுவதுபோல் சத்தம் வருவது ஷேயின் இயல்பு. நான்கில் விட்டுவைத்தால் கேட்பவருக்கு ஏதோ இடிக்கும்.

மலை ஏறும் பல்சக்கரம்: நீலகிரி எக்ஸ் வகுப்பு

தமிழ்நாட்டில் இன்றும் நீராவி எழுப்பும் விநோத வண்டி இது. மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மீட்டர் பாதையில் கல்லாறு முதல் குன்னூர் வரை 1:12.5 அளவுக்கு ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவில் இரட்டைப் பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். ஆப்ட் முறை என்று பெயர். இரண்டு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை. பிற்காலத்தில் எண்ணெயில் எரியும் எஞ்சின்கள் திருச்சி பொன்மலையில் கட்டப்பட்டன.

இந்த எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். கீழ் இரண்டும் உயரழுத்த நீராவியில் சாதாரணச் சக்கரங்களை இயக்கும். அங்கிருந்து வெளிவரும் நீராவியை மேல் இரண்டு சிலிண்டர்களும் வாங்கிப் பல்சக்கரத்தை இயக்கும். பல்சட்டம் இல்லாத பகுதியில் மேல் சிலிண்டர்கள் சும்மா நிற்கும். எதற்கு இப்படிப் பிரித்தார்கள்? ஓடும் சக்கரம் தேயத் தேய அதன் சுற்றளவு குறையும், பல்சக்கரத்தின் அளவோ மாறாது. இரண்டையும் ஒரே தண்டில் கட்டினால் ஒன்று மற்றொன்றை இழுத்துப் பிடிக்கும்.

மாடலில் ஒரே மோட்டார்தான். எனவே அந்தச் சண்டை அங்கே கட்டாயம் வரும். பல்சக்கரத்தின் பல்வட்ட விட்டமும் சக்கர விட்டமும் அரை மில்லிமீட்டர் மாறினாலும் எஞ்சின் குதித்துக் குதித்து ஏறும், மோட்டார் சூடாகும். மலைப்பகுதிக்கு மட்டும் என்றால் பல்சக்கரத்தை மோட்டாரோடு இணைத்து, சக்கரங்களைச் சும்மா உருளவிடுவதுதான் சரி. சமதளத்திலும் ஓட வேண்டுமானால் இருவழி இயக்கம் தேவைப்படும், அது தொடக்கத்துக்கு ஏற்ற வேலை இல்லை. மேல் சிலிண்டர் கம்பிகளைத் தோற்றத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடையில் வரும் மாடல் பல்சட்டம் பெரும்பாலும் ஒற்றை வரிசை. பக்கத்தில் பல் வெட்டிய பிளாஸ்டிக் பட்டையை அரைப்பல் தள்ளி ஒட்டினால் ஆப்ட் சாயல் வந்துவிடும், மேல்மட்டம் தண்டவாளத்தைவிட உயர்ந்து சக்கரத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1:12.5 என்றால் ஒரு மீட்டருக்கு 8 செ.மீ. உயரம். சமதளத்திலிருந்து சட்டென்று இந்தச் சரிவுக்கு மாறினால் மூலையில் எஞ்சினின் அடிப்பாகம் தட்டும், பல்சக்கரம் சட்டத்தை விட்டு மேலெழும்பும். மாறும் இடத்தை 40 முதல் 50 செ.மீ. நீளத்துக்குப் பரப்ப வேண்டும். 4 மி.மீ. ஒட்டுப்பலகைப் பட்டையைச் சமதளத்தில் திருகி, மறுமுனையை மெல்ல உயர்த்தினால் பலகை தானாகவே சரியான வளைவை எடுக்கும். பல்சட்டம் ஆரம்பிக்கும் இடத்தில் முதல் துண்டை ஸ்பிரிங் மேல் மிதக்கவிடுவது அசலில் உள்ள ஏற்பாடு. பல்லின் மேல் பல் முட்டி நின்றால் துண்டு கீழே அமுங்கி, அடுத்த பல்லில் சேர்ந்துகொள்ளும். மாடலிலும் அடியில் ஒரு மெல்லிய நுரைத்துண்டு வைத்தால் இதே பலன்.

ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. முன்னால் இருக்கும் பெட்டிகள் இலேசாக இருந்தால், கொக்கி உயரத்தில் சிறு வித்தியாசம் இருந்தாலும் பின்பெட்டி முன்பெட்டியைத் தூக்கிவிடும். எல்லாக் கொக்கிகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, எஞ்சினை ஒட்டிய பெட்டிக்கு அதிக எடை கொடுக்க வேண்டும்.

ஒற்றைத் தண்டவாளம்: பாட்டியாலா

பஞ்சாபின் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஈவிங் முறையில் ஒரு மோனோ ரயில் ஓடியது. சாலையோரம் ஒரே தண்டவாளம். எடையில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட 95 சதவீதம், அதன் மேல். பக்கவாட்டில் நீண்ட ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டியைச் சாயாமல் தாங்கியது. ரயிலுக்குத் தனி நிலம் வாங்க வேண்டியதில்லை. கோவேறு கழுதைகளும் பெட்டிகளை இழுத்தன, பெர்லினின் ஓரன்ஸ்டைன் – கொப்பல் நிறுவனத்தின் நான்கு எஞ்சின்களும் இழுத்தன. ஓர் எஞ்சின் இன்று டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்சக்கரம், இயக்கும் சக்கரம், பின்சக்கரம் என்று எண்ணி எழுதும் சக்கர அமைப்பை இதற்கு 0-3-0 என்றுதான் எழுத வேண்டும்!

பாதை அகலம் என்ற கவலையே இல்லாத ஒரே வண்டி இதுதான், எந்த விகிதத்திலும் செய்யலாம். கவலை முழுவதும் ஈர்ப்பு மையத்தில். மையம் சரியாகத் தண்டவாளத்தின் மேல் இருந்தால் தொட்டாலே மறுபக்கம் கவிழும். பக்கச் சக்கரத்தின் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு? தண்டவாளத்திலிருந்து பக்கச் சக்கரம் 40 மி.மீ. தள்ளி இருந்தால், 5 சதவீதம் எடை அதன் மேல் விழ மையம் 2 மி.மீ. நகர்ந்திருக்க வேண்டும். 200 கிராம் மாடலில் இது 10 கிராம். நிற்கப் போதும், மின்சாரம் எடுக்கப் போதாது. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டாவது மின்முனையைச் சாலையில் ஒட்டிய செப்பு டேப்பிலிருந்து பக்கச் சக்கரம்தான் எடுக்க வேண்டும், 10 கிராம் அழுத்தத்தில் அது பொறிவிட்டு விட்டுவிட்டு ஓடும். மையத்தை 6 மி.மீ. நகர்த்தினால் 30 கிராம் கிடைக்கும், தொடர்பு நிலைக்கும். சாலை வண்ணம் அடிக்கும்போது சக்கரம் உருளும் பட்டையில் மட்டும் வண்ணம் படக்கூடாது. இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்கள் பெட்டிக்குள் சிறு லித்தியம் பேட்டரியும் ரேடியோ கட்டுப்பாடும் வைத்துவிடலாம். தண்டவாளச் சக்கரங்களுக்கு இருபுறமும் விளிம்பு இருக்க வேண்டும் என்பதால் அவற்றை லேத்தில் கடைந்தோ, இரண்டு சாதாரணச் சக்கரங்களின் விளிம்பு இல்லாத முகங்களை ஒட்டியோ செய்ய வேண்டும்.

முதல் முயற்சிக்கு: நெருப்பில்லா எஞ்சின்

மேலே சொன்னவற்றில் எதையும் முதல் வேலையாக எடுக்க வேண்டாம். வெடிமருந்து, காகிதம், ரசாயனத் தொழிற்சாலைகளில் ஓடிய நெருப்பில்லா எஞ்சினிலிருந்து தொடங்கலாம். தொழிற்சாலைக் கொதிகலனிலிருந்து கொதிநீரையும் நீராவியையும் ஓர் உருளையில் நிரப்பிக்கொண்டு சில மணிநேரம் ஓடும், தீர்ந்ததும் மறுபடி நிரப்பும். புகைபோக்கி இல்லை, நிலக்கரி இல்லை, சாம்பல் இல்லை. செய்ய வேண்டிய பாகங்கள் அவ்வளவு குறைவு.

அடிப்பாகத்துக்கு மூன்று அச்சு கொண்ட சிறிய பழைய நீராவி எஞ்சின் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், மேலுடல் உடைந்திருந்தாலும் சரி. இவ்வகை ஜெர்மன் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர்கள் பின்னால், ஓட்டுநர் அறையின் அடியில் இருக்கும். வாங்கிய அடிப்பாகத்தில் முன்னால் இருக்கும். கவலையில்லை: அடிப்பாகத்தை அப்படியே திருப்பிப்போட்டு, சிலிண்டர் இருக்கும் முனையில் ஓட்டுநர் அறையைக் கட்டிவிடலாம். மோட்டாரின் இரு வயர்களையும் மாற்றிப் பற்றவைத்தால் முன்னும் பின்னும் சரியாகிவிடும். டிஜிட்டல் டிகோடர் என்றால் சிவி 29இல் (டிகோடரின் 29ஆம் எண் அமைப்பில்) திசையை மாற்றினால் போதும்.

உருளைக்கு 20 மி.மீ. எலெக்ட்ரிக் வயரிங் பைப். 1:87இல் இது 1.74 மீட்டர் விட்டம். 1:76 என்றால் 25 மி.மீ. பைப், 1.9 மீட்டர். 57 மி.மீ. நீளம் வெட்டினால் 1:87இல் 5 மீட்டர் உருளை. பைப்பைச் சுற்றித் தாளை ஒட்டி, தாளின் விளிம்பை ஒட்டியே அறுத்தால் வெட்டு கோணலாகாது. மோட்டாருக்காக அடியில் வெட்டும் துளை மோட்டாரைவிட 1 மி.மீ. மட்டும் அகலமாக இருக்கட்டும், பைப்பின் பாதி விட்டத்தைத் தாண்டினால் பைப் விரிந்து வட்டம் கெடும். குவிந்த முனைகளுக்கு 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் 20, 17, 12 மி.மீ. வட்டங்களை வெட்டி அடுக்கி ஒட்டி, படிகளில் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாம். வெப்பம் காக்கும் உறையின் பட்டைகளாக 1 மி.மீ. அகலப் பட்டைகளை 12 மி.மீ. இடைவெளியில் சுற்ற வேண்டும். ஸ்டைரீனை ஒட்டும் கரைப்பான் பசை வயரிங் பைப்பில் நன்றாகப் பிடிக்காது, அங்கே பெவிக்விக் அல்லது அரால்டைட்தான்.

பக்கத்தில் நீராவி நிரப்பும் குழாய் முனையும் வால்வும், அறைக்கு முன்னால் தெளிவாகத் தெரியும் அழுத்தமானியும், செலவான நீராவி வெளியேறக் குட்டையான ஒரு குழாயும் வைத்தால் உடல் முடிந்தது. தண்டவாளத்தின் பக்கத்தில் நிலக்கரிக் குவியலை வைத்துவிடாதீர்கள். கொதிகலன் கூடத்திலிருந்து நீளும் ஒரு நிரப்பும் குழாய்தான் அங்கே வேண்டும்.

மொத்த எடை 150 முதல் 200 கிராம் இருந்தால் நன்றாக இழுக்கும். உருளைக்குள் இரும்பு நட்டுகளை நிரப்பி அரால்டைட்டால் ஒட்டுங்கள். ஈயக்குண்டை வெள்ளைப் பசையில் கலந்து ஊற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஈயம் அந்தப் பசையோடு வினைபுரிந்து மெல்ல உப்பும், சில வருடங்களில் உருளை தையல் விட்டுப் பிளக்கும். எடை மூன்று அச்சுகளின் நடுவில் இருக்க வேண்டும், அறைப்பக்கம் கூடினால் முன்னச்சு தூக்கிக்கொள்ளும்.

ஓட்டிப் பார்க்கும் முன் சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 16.5 மி.மீ. பாதைக்கு சுமார் 14.4 மி.மீ. இருக்க வேண்டும், குறைந்திருந்தால் பாயின்ட்டுகளில் (பாதை பிரியும் இடங்களில்) ஏறி இறங்கும். பிறகு உங்களிடம் உள்ள மிக இறுக்கமான வளைவில், மிகக் குறைந்த வேகத்தில், இரு திசையிலும், இடமும் வலமுமாக ஓட்டிப் பாருங்கள். தடங்கல் இருந்தால் சரிசெய்ய இதுதான் சமயம். அதற்குப் பிறகு பைப்பை 400 எண் உப்புத்தாளால் மட்டுப்படுத்தி, ஆல்கஹாலால் துடைத்து, பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, அதன்மேல் வண்ணம். மழை நாளில் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றில் பூச்சு வெளிறிப்போகும், வெயில் வரும்வரை காத்திருக்கலாம்.